வானியற்பியல் படிக்க எங்கே சேரலாம்? ஒரு தகவல் கையேட்டை முன்வைத்து

போன ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலியிலிருந்து அக்கா போன் பண்ணினாள்.

"தம்பி, இவ பிளஸ் டூ முடிச்சிட்டா. ஸ்பேஸ்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கா. உங்க அத்தான் இன்ஜினியரிங் கவுன்சிலிங் போகணும்ங்காங்க. நடுவுல நான் கெடந்து முழிக்கேன். வாட்சப்புல ஒரு புக்கு அனுப்பியிருக்கேன், பாத்துச் சொல்லு."

அந்த 'புக்கு' ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் தகவல் கையேடு. 'பி.எஸ்சி. வானியற்பியல் மற்றும் விண்வெளி அறிவியல்' என்று மூன்று வருஷப் படிப்பு. கட்டணத்தைப் பார்த்தேன். ஹாஸ்டலோடு சேர்த்தால் அத்தான் வீட்டுக்கடனை இன்னொரு முறை வாங்க வேண்டியிருக்கும். அக்கா சும்மா கேட்கவில்லை, பயந்துபோய்க் கேட்கிறாள் என்பது அப்போதுதான் புரிந்தது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பி.இ. படித்தவன். இருபது வருஷமாக மென்பொருள் வேலை. இயற்பியல் எனக்குச் சோறு போட்ட பாடம் இல்லை, ராத்திரி பத்து மணிக்கு மேல் நானாகத் தேடிப்போகிற பாடம். அதனால் நான் சொல்வதைப் பேராசிரியர் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆவணங்களை வரி வரியாக வாசிக்கிற பழக்கம் உள்ள ஒருத்தன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பழக்கத்தில்தான் கையேட்டையும் வாசித்தேன்.

கையேடு சொல்வதும் சொல்லாததும்

இருபத்துநாலு பக்கம். பாதிக்கு மேல் படங்கள். நெபுலா, விண்வெளி வீரர், ராக்கெட், ஒரு சின்னக் குவிமாடத்தின் முன்னால் கைகட்டி நிற்கும் மாணவர்கள். இயற்பியல் ஆய்வகத்தின் படம் ஒன்றுகூட இல்லை. பாடத்திட்டம் கடைசி இரண்டு பக்கத்தில், பொடி எழுத்தில். பெரிதாக்கிப் படித்தேன்.

முதல் வருஷத்திலேயே 'விண்வெளி ஆய்வு வரலாறு' ஒரு தாள். 'ராக்கெட் அறிமுகம்' ஒரு தாள். 'விண்வெளிச் சட்டம்' ஒரு தாள். ஆளுமை மேம்பாடு இரண்டு பருவத்துக்கு. குவாண்டம் இயக்கவியல் மொத்தமும் ஒரே ஒரு தாள். புள்ளியியல் இயக்கவியல் தனியாக இல்லை, வெப்ப இயக்கவியல் தாளின் ஐந்தாவது அலகாக ஒட்டவைத்திருக்கிறார்கள். மின்காந்தவியல் ஒரு தாள். கணித முறைகள் ஒரு தாள். செய்முறை நேரம் எவ்வளவு என்று எங்கேயும் காணோம்.

நட்சத்திரம் பற்றிய படிப்பில் நட்சத்திரம் பற்றித்தானே இருக்கும், இதில் என்ன தப்பு என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி.

ஒரு நட்சத்திரம் ஏன் தன் எடையாலேயே நசுங்கிப்போகாமல் நிற்கிறது? உள்ளே இருக்கிற வாயுவின் அழுத்தம், அதாவது வெப்ப இயக்கவியல். அது எப்படி எரிகிறது? அணுக்கரு இயற்பியலும் குவாண்டமும். அதன் ஒளி நம்மிடம் வந்து என்ன சொல்கிறது? மின்காந்தவியல், நிறமாலையியல். எரிபொருள் தீர்ந்தபின் வெண்குறு விண்மீனாக எப்படி நிற்கிறது? புள்ளியியல் இயக்கவியல். வானியற்பியல் என்பது இயற்பியலுக்குப் பக்கத்து வீடு இல்லை, அதே வீட்டு மாடி. படி ஏறாமல் மாடிக்குப் போக முடியாது. அந்தக் கையேடு மாடியில் எடுத்த போட்டோக்களைக் காட்டி, படிக்கட்டில் பாதியை எடுத்துவிட்டிருந்தது.

வாசலில் என்ன கேட்கிறார்கள்?

இது என் அபிப்பிராயம் மட்டும்தானா என்று சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. இளநிலை முடித்தவர் அடுத்து எங்கே போக வேண்டுமோ அங்கே என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர 'ஜாம்' தேர்வு. அதன் இயற்பியல் பாடத்திட்டத்தில் கணித முறைகள், இயக்கவியல், அலைகளும் ஒளியியலும், மின்சாரமும் காந்தவியலும், வெப்ப இயக்கவியல், நவீன இயற்பியல், திடநிலை இயற்பியலும் மின்னணுவியலும் இருக்கின்றன. வானியல் என்ற தலைப்பே கிடையாது. பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம், ராமன் ஆய்வு நிறுவனம் போன்ற இடங்களில் முனைவர் பட்டம் சேர 'ஜெஸ்ட்' தேர்வு. அங்கேயும் அதே கதை. நாளைக்கு நட்சத்திரத்தை ஆராயப்போகிறவரிடம் இன்றைக்கு நட்சத்திரம் பற்றித் தனியாக ஒரு பிரிவும் கேட்பதில்லை. குவாண்டம் தெரியுமா, மின்காந்தவியல் தெரியுமா என்றுதான் கேட்கிறார்கள்.

வெளிநாட்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை. கேம்பிரிட்ஜில் முதல் வருஷத்தில் வானியற்பியல் என்று சேரவே முடியாது. இயற்கை அறிவியல் என்ற பொதுப் படிப்பில் சேர்ந்து இயற்பியலும் கணிதமும் படித்தபின், மூன்றாம் வருஷத்தில்தான் வானியற்பியலைத் தேர்ந்தெடுக்கலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எம்.எஸ்சி. சேர்க்கையில் 'இயற்பியலை இத்தனை வருஷம் படித்திருக்க வேண்டும், கணிதத்தை இத்தனை வருஷம் படித்திருக்க வேண்டும்' என்று நிறுவனத்துக்கு நிறுவனம் தகுதி விதி வைத்திருக்கிறார்கள். புதுப் பெயரில் வருகிற பட்டம் அந்த விதிக்குள் அடங்குமா என்று சேருவதற்கு முன்னாலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால் அழத்தான் முடியும்.

சந்திரசேகரின் பட்டம்

நம் ஊர் உதாரணம் ஒன்று. சுப்ரமணியன் சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் 1930-இல் வாங்கியது இயற்பியல் ஆனர்ஸ். அவருக்குக் கணிதத்தின்மேல்தான் ஆசை. அப்பா சொல்லுக்காக இயற்பியலில் சேர்ந்துகொண்டு, கணித வகுப்புகளில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தார். 1928-இல் ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் சென்னை வந்தபோது, புதிய குவாண்டம் புள்ளியியல் பற்றி அவரிடமிருந்துதான் தெரிந்துகொண்டார். 1930-இல் கப்பலேறியபோது கணக்குப் போட எடுத்துக்கொண்டது அந்தப் புள்ளியியலையும் சிறப்புச் சார்பியலையும்தான். வெண்குறு விண்மீனுக்குச் சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு என்ற எடை வரம்பு அங்கிருந்து வந்தது. 1983-இல் நோபல்.

கிளாஸ்கோவில் இயற்பியல் படித்து 1965-இல் பட்டம் வாங்கிய ஜோசலின் பெல், இரண்டே வருஷத்தில் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாகப் பல்சரைக் கண்டுபிடித்தார். ஊட்டியில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியை மலைச்சரிவில் நிறுவிய கோவிந்த் ஸ்வரூப், அலகாபாத்தில் இயற்பியல் எம்.எஸ்சி. படித்தவர்.

இதில் ஓர் ஓட்டை இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் நம் கல்லூரிகளில் வானியற்பியல் பட்டமே கிடையாது. இல்லாததை அவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கியதாகச் சொல்ல முடியாது. இந்த உதாரணங்கள் காட்டுவது ஒன்றுதான். இயற்பியல் பட்டம் வானத்துக்குப் போகிற வழியை அடைப்பதில்லை. 'ஸ்பேஸ்னு பேர் இருக்கிற கோர்ஸ்ல சேரலேன்னா வாய்ப்பே போயிடும்' என்ற பயத்துக்கு அந்தப் பதில் போதும்.

தரவரிசை எதை அளக்கிறது?

அத்தான் வேறு வழியில் வந்தார். "என்.ஐ.ஆர்.எஃப்.ல எத்தனாவது இடம்னு பாத்துச் சேத்துரலாம். கவர்மெண்டே போடற லிஸ்ட்தானே."

2016 முதல் மத்திய அரசு வெளியிடும் பட்டியல் அது. பொதுத் தரவரிசையில் கற்பித்தலும் வளங்களும் 30 சதவீதம், ஆராய்ச்சி 30, பட்டம் பெறுவோர் நிலை 20, பரவலும் பங்கேற்பும் 10, வெளியார் மதிப்பீடு 10. மோசமான அளவுகோல் இல்லை. ஆனால் அளக்கப்படுவது முழு நிறுவனம். பொறியியல், மருத்துவம், சட்டம், மருந்தியல் என்றெல்லாம் தனிப் பட்டியல் உண்டு. இயற்பியலுக்கு இல்லை. ஒரு கல்லூரி வணிகவியலாலும் உயிரித் தொழில்நுட்பத்தாலும் மேலே வந்திருக்கலாம், இயற்பியல் துறையில் பாதி இடம் காலியாக இருக்கலாம். எண்ணைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

மென்பொருளில் இதை தினமும் பார்க்கிறோம். மொத்தச் சராசரி வேகம் நன்றாக இருக்கும், நமக்கு வேண்டிய ஒரே ஒரு பக்கம் மட்டும் திறக்கவே திறக்காது.

என் கணினியில் வளைந்த கோடு

மே மாசம் அக்கா மகள் சென்னைக்கு வந்து பத்து நாள் இருந்தாள். ஒரு ராத்திரி அவளுக்கு கையா தரவைக் காட்டினேன். ஐரோப்பிய விண்வெளி முகமையின் அந்த விண்கலம் சுமார் 180 கோடி நட்சத்திரங்களைப் பதிவு செய்திருக்கிறது. 2022-இல் வந்த மூன்றாவது தொகுப்பை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். கார்த்திகைக் கூட்டத்தையும், எம்67 என்ற பழைய கூட்டத்தையும் எடுத்து, பிரகாசத்தை ஓர் அச்சிலும் நிறத்தை இன்னோர் அச்சிலும் போட்டு வரைந்தேன். பைத்தானில் அறுபது வரி.

கார்த்திகையில் நட்சத்திரங்கள் மேலிருந்து கீழே கிட்டத்தட்ட ஒரே பட்டையாக இறங்கின. அவை வயதில் சின்னவை, பத்துக் கோடி வருஷத்தை ஒட்டி. எம்67 சுமார் நானூறு கோடி வருஷக் கிழவி. அதில் பட்டை பாதி வழியில் நின்று, வலது பக்கமாகத் திரும்பி மேலே போனது.

"ஏன் மாமா வளையுது?"

"நடுவுல ஹைட்ரஜன் தீர்ந்துருச்சு. அதான் ஊதிப்போய்ச் சிவப்பாகுது."

"எரிபொருள் தீர்ந்தா சுருங்கத்தானே செய்யணும்? எதுக்கு ஊதணும்?"

உள்கரு சுருங்குகிறது, வெளியுறை விரிகிறது என்று படித்த வாசகத்தைச் சொன்னேன். "அதான் ஏன்?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. வாசகம் தெரியும், கணக்கு தெரியாது. வரைபடம் போட நான் படித்தது போதும். அந்த வளைவுக்குள்ளே போக அது போதவில்லை.

பொறியியலுக்கும் இயற்பியலுக்கும் நடுவே எனக்கு இருக்கிற இடைவெளி அந்த ஒரு கேள்வியில் வெளியே வந்துவிட்டது. அத்தானின் கட்சியையும் இங்கேயே பார்த்துவிடலாம். "பி.இ. முடிச்சிட்டு அப்புறம் ஸ்பேஸ் போகட்டும்" என்பது அவர் வாதம். கதவு மூடியில்லை என்பது உண்மை. புனேயில் 1988-இல் தொடங்கிய அயுகாவும், அதே வளாகத்தில் இருக்கும் தேசிய ரேடியோ வானியற்பியல் மையமும் நடத்தும் முனைவர் சேர்க்கைக்கு பி.இ. படித்தவர்களும் எழுதலாம். தொலைநோக்கிக் கருவிகள் செய்ய எனக்கு நேர்ந்த படிப்பு நன்றாகவே உதவும். ஆனால் தாள் இயற்பியல் தாள். இருபத்தைந்து வயதில் ஒரு பழைய ஜெஸ்ட் வினாத்தாளை எடுத்து உட்கார்ந்தேன். மின்னணுவியல் தவிர மற்ற இடத்தில் திணறிப்போய், ஒரு மணி நேரத்தில் மூடி வைத்தேன். வேலையும் பார்த்துக்கொண்டு நாலு வருஷப் பாடத்தைத் தனியாகப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களில் ஒருவன் இல்லை.

எந்த இடம் யாருக்கு?

இனி நிறுவனங்கள். பள்ளியில் நீட், ஜே.இ.இ. இரண்டைத் தவிர வேறு தேர்வின் பெயர் அவள் காதில் விழவே இல்லை என்பதால் எழுதிவைக்கிறேன்.

ஐசர்கள் ஏழு. புனே, கொல்கத்தா 2006-இல் வந்தன. பிறகு மொஹாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்ஹாம்பூர். ஐந்து வருஷ பி.எஸ்.–எம்.எஸ். தொடக்கத்தில் எல்லா அறிவியலும் படித்துவிட்டுப் பிறகு இயற்பியலுக்கு ஒதுங்கலாம். பதினேழு வயதில் மனசு மாறும் என்பதை ஒப்புக்கொள்கிற அமைப்பு, எனக்குப் பிடித்தது. ஆனால் நுழைவுத்தேர்வான ஐ.ஏ.டி.யில் உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் ஒவ்வொன்றிலும் பதினைந்து கேள்வி. பிளஸ் டூவில் கணினி அறிவியல் பிரிவு எடுத்த பிள்ளைக்குக் கால்வாசித் தாள் அந்நியம்.

புவனேஸ்வர் நைசர், மும்பை அடிப்படை அறிவியல் மையம் இரண்டுக்கும் நெஸ்ட் தேர்வு. நாலு பாடத்தில் நன்றாகச் செய்த மூன்றைக் கணக்கில் எடுப்பார்கள். உயிரியல் இல்லாதவருக்கு இது கொஞ்சம் கருணை காட்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 2011 முதல் நாலு வருஷ இளநிலை உண்டு. நினைத்தவுடன் கிடைக்கிற இடம் இல்லை. திருவனந்தபுரம் விண்வெளித் தொழில்நுட்ப நிறுவனத்தில் பொறியியல் இயற்பியலோடு வானியலில் முதுநிலையும் சேர்ந்த ஐந்து வருஷப் படிப்பு இருக்கிறது. அதற்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு வேண்டும். பெயரில் வானியல் இருந்தாலும் அடியில் இயற்பியல் கெட்டியாக இருக்கும் உதாரணம் இது. பெயரே குற்றம் என்று நான் சொல்லவில்லை. நம் சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் நிறுவனம் இருக்கிறது. கோட்பாட்டுப் பக்கம் சாய்ந்த, கணிதத்தில் ருசி உள்ள பிள்ளைக்கு அது.

இவை எதுவும் கிடைக்காவிட்டால் சாதாரண பி.எஸ்சி. இயற்பியல். அதைக் கடைசியில் எழுதினேனே, அதுதான் நான் செய்த தப்பு.

என் தப்பு

அவள் உயிரியல் புத்தகத்தை வாங்கிக்கொண்டு ராப்பகலாக உட்கார்ந்தாள். ஐ.ஏ.டி. எழுதினாள், நெஸ்ட் எழுதினாள். இரண்டிலும் இடம் கிடைக்கிற அளவுக்கு வரவில்லை. அந்தத் தனியார் பல்கலைக்கழகத்திலிருந்து தினமும் போன், 'சீட் முடியப்போகுது' என்று. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரு வருஷம் வீட்ல இருந்து படி. அடுத்த வருஷம் ஐசர் கிடைக்கும்."

"மாமா, நீங்க படிக்காம விட்டதுக்கு நான் ஏன் ஒரு வருஷம் வீட்ல உக்காரணும்?" என்றாள்.

அக்கா அவளை அதட்டினாள். அதட்ட வேண்டாம் என்றேன். கையேட்டில் பளபளப்புக்கு மயங்கக் கூடாது என்று இத்தனை பேசியவன், ஐசர் என்ற பெயருக்கு மயங்கிக் கிடந்தேன். அத்தானுக்குத் தரவரிசை எண் எப்படியோ, அப்படித்தான் எனக்கு அந்தப் பெயர். இரண்டு பேருமே அவளுக்கு வேண்டியதைக் கேட்கவில்லை.

பிறகு நாங்கள் மூன்று பேரும் ஊரிலேயே ஓர் அரசு உதவி பெறும் கல்லூரிக்குப் போனோம். அங்கே துறைத் தலைவரிடம் கேட்ட கேள்விகளை அப்படியே தருகிறேன். யாரும் எங்கேயும் கேட்கலாம். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் செய்முறை, ஒரு கருவிக்கு எத்தனை பேர்? குவாண்டம், புள்ளியியல் இயக்கவியல், மின்காந்தவியல் மூன்றையும் யார் எடுக்கிறார்கள், அவர்கள் நிரந்தர ஆசிரியர்களா? துணைப்பாடமாகக் கணிதம் எத்தனை பருவம்? கோடை விடுமுறையில் அறிவியல் அகாடமிகளின் ஆய்வு நல்கைக்கு மாணவர்கள் விண்ணப்பிக்கிறார்களா, கடிதம் எழுதித் தர ஆள் உண்டா? போன மூன்று வருஷத்தில் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

அவர் எதையும் பூசி மெழுகவில்லை. "புள்ளியியல் இயக்கவியல் எங்ககிட்டயும் கம்மிதான். சாயங்காலம் நான் தனியா எடுக்கேன், வர்ற பிள்ளைங்க வருவாங்க. ஜாம் எழுதி ஐ.ஐ.டி. போன பொண்ணு ஒருத்தி இருக்கா, நம்பர் வாங்கித் தர்றேன் பேசுங்க" என்றார். ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொன்னோம். பூட்டு எண்ணெய் போட்ட பூட்டாக, சட்டென்று திறந்தது. உள்ளே ஸ்பெக்ட்ராமீட்டர்கள், பழசு, ஆனால் துடைத்து வைத்திருந்தார்கள்.

இந்த வழியில் இழப்பும் இருக்கிறது. ஐசரில் ஆராய்ச்சிக் கூடம் மாடிப்படி ஏறினால் வந்துவிடும். இங்கே அவள் ஒவ்வொரு கோடையிலும் கதவைத் தட்ட வேண்டும். பாதியை அவளே படித்துக்கொள்ள வேண்டும். ஜாம் என்ற இரண்டாவது வாசல் இருக்கிறது, அது குறுகலானது. ஆனாலும் கடன் இல்லை, படிக்கட்டு முழுசாக இருக்கிறது, மனசு மாறினால் திரும்பி வரவும் முடியும். நல்ல நிறுவனத்தில் இடம் கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள். கிடைக்காதபோது, பெயரில் வானம் உள்ள பட்டத்தைவிட அடியில் இயற்பியல் உள்ள பட்டம் மேல். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அத்தான் இன்னும் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. "அப்புறம் வேலை?" என்று வாரம் ஒரு தடவை கேட்கிறார். அது அவர் கேட்க வேண்டிய கேள்வி, அவர் கேட்கட்டும்.

போன வாரம் அவளிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. சோடியம் விளக்கு, கிரேட்டிங், ரெக்கார்டு நோட்டில் இரண்டு மஞ்சள் கோடு, 589.0, 589.6 நானோமீட்டர். 'ரெண்டாவது வரிசையில தனித்தனியா தெரிஞ்சது மாமா' என்று எழுதியிருந்தாள். சூரியனின் நிறமாலையில் அதே இரண்டு இடத்தில் கறுப்புக் கோடு இருக்கிறது, ஏன் என்று பார்த்துச் சொல் என்று பதில் போட்டேன்.

இன்னும் பதில் வரவில்லை. இன்டர்னல் நடக்கிறதாம்.